லிக்விட் கூலர் போட்டும் பிராசசர் ஏன் 100 டிகிரியைத் தொடுகிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபடும். பள்ளத்தூரில் பாட்டனார் காலத்து வீட்டின் மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறீர்கள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இன்டெல் ஐ7 13700கே, அதன் சூட்டைத் தண்ணீரால் ஆற்ற 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர், வாங்கி மூன்று வருடம். இதுவரை ஒரு குறையும் இல்லை. இந்தச் சித்திரையிலிருந்து சும்மா இருக்கும்போதே 58, 60 டிகிரி காட்டுகிறது. முடித்த வீடியோவைக் கோப்பாக்க எக்ஸ்போர்ட் கொடுத்த உடனே 100. வேலை நகரவே மாட்டேன் என்கிறது, இரண்டு தடவை தானாக அணைந்தும் போயிருக்கிறது. பார்க்க வந்தவர் பிராசசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்த வேலைகள் கையில் நிற்கின்றன.

பிராசசரை மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இந்தப் பதிலில் சொல்வதை ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து செய்து பார்க்கும் வரைக்குமாவது மாற்றாதீர்கள். 100 டிகிரி என்பது அந்தப் பிராசசருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு. அதைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் எக்ஸ்போர்ட் மெதுவாவது இதனால்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. கெட்டுப்போன பிராசசர் பெரும்பாலும் இப்படி நடந்துகொள்ளாது. நீலத்திரை வரும், புரோகிராம் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், ஆன் ஆகவே ஆகாது.

லிக்விட் கூலர் சூட்டை அழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. பிராசசரிலிருந்து, இடைவெளியை நிரப்பும் தெர்மல் பேஸ்ட் வழியாகக் கூலரின் செப்புத் தட்டுக்கு, தட்டிலிருந்து தண்ணீருக்கு, பம்ப் தள்ளத் தள்ள தண்ணீர் ரேடியேட்டருக்கு, அங்கே ஃபேன் ஊதி அறைக் காற்றுக்கு, அறையிலிருந்து ஜன்னல் வழியே வெளியே. இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் சூடு தேங்கி நிற்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், பத்துப் பொருளை வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டாம்.

தேடத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலர் செய்வதே இல்லை. பிராசசர் எத்தனை வாட் இழுக்கிறது என்பதை முதலில் கட்டிப்போடுங்கள். 13700கே-யின் அடிப்படை மின் அளவு 125 வாட். உச்ச வேகத்துக்குப் போகும் டர்போவில் 253 வாட் வரை போகலாம் என்று இன்டெல் சொல்கிறது. ஆனால் பல மதர்போர்டுகள் (பிராசசர் உட்காரும் தாய்ப்பலகை) பெட்டியிலிருந்து எடுத்தபடியே இந்த வரம்பைத் திறந்துவிட்டிருக்கும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் 4096 வாட் என்று எழுதியிருக்கும், அதற்கு ‘வரம்பே இல்லை’ என்று பொருள். அந்த நிலையில் பிராசசருக்குள் இருக்கும் எல்லாக் கோரும் சேர்ந்து உழைத்தால், நல்ல ஆரோக்கியமான 240 கூலரே நம் ஊர் வெயிலில் திணறும். அதனால் எக்ஸ்போர்ட்டில் 100 வருகிறது என்பதை மட்டும் வைத்து கூலர் பழுது என்றும் சொல்ல முடியாது. பயாஸில் மின் வரம்புகளான பிஎல்1 (நீண்ட நேரத்துக்கு), பிஎல்2 (சிறிது நேரத்துக்கு) இரண்டையும் 125 என்று வையுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பிராசசர் பேக்கேஜ் பவர், வெப்பநிலை, பம்ப் வேகம் மூன்றையும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் ஒரு சாதாரண தெர்மாமீட்டரும் வேண்டும். அப்புறம் பிராசசரை முழுதாக உழைக்க வைக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். அறை 36 டிகிரியில் இருக்கும்போது 125 வாட்டில் உங்கள் கூலர் 70, 75-ஐ ஒட்டி நின்றால் கூலர் நன்றாக இருக்கிறது, வரம்பைத் திறந்துவிட்டதுதான் காரணம். 125 வாட்டிலேயே 95, 100 போனால் கூலரில் கோளாறு. இது தெரியாமல் மேற்கொண்டு எதைச் செய்தாலும் இருட்டில் தேடுவது மாதிரிதான்.

நீங்கள் சொன்ன ‘சும்மா இருக்கும்போதே 60’ என்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது ரகமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. சும்மா இருக்கும் பிராசசர் இழுப்பது சில பத்து வாட்தான். அந்தச் சின்னச் சூட்டையே கொண்டுபோக முடியவில்லை என்றால் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது.

இப்போது நேரத்தைக் கவனியுங்கள். சினிபெஞ்ச் தொடங்கியதும் எத்தனை விநாடியில் எவ்வளவு ஏறுகிறது என்பது பாதி நோயைச் சொல்லிவிடும். ஒரே தாவலாக இரண்டு மூன்று விநாடியில் 90-ஐத் தாண்டினால், சூடு தண்ணீருக்குப் போய்ச் சேரவே இல்லை: பேஸ்ட் காய்ந்திருக்கலாம், தட்டு சரியாக உட்காராமல் இருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம். முதலில் 65-ல் நின்று, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல 90-க்கு ஏறினால், தண்ணீர் வரை சூடு போகிறது, ரேடியேட்டரிலிருந்து வெளியேறவில்லை: தூசி, ஃபேன், அறைச் சூடு என்று பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். கூலருக்குள் 200 மில்லி தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும், ஆக 200 மில்லிக்கு 836 ஜூல். 125 வாட் என்றால் விநாடிக்கு 125 ஜூல். ரேடியேட்டர் ஒன்றுமே வெளியேற்றாவிட்டாலும் தண்ணீர் 1 டிகிரி ஏற ஏழு விநாடி பக்கம் ஆகும். தண்ணீரின் சூடு தாவாது, படிப்படியாகத்தான் ஏறும். வெப்பநிலை தாவுகிறது என்றால் தண்ணீருக்கு முன்னாலேயே தடை இருக்கிறது.

அடுத்தது கை வைத்துப் பார்க்கும் சோதனை. எனக்கு எல்லா மென்பொருளையும்விட இதில்தான் நம்பிக்கை அதிகம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, இரண்டு ரப்பர் குழாய்களையும் விரலால் பிடித்துப் பாருங்கள். பம்ப் ஓடினால் இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பில் இருக்கும், வித்தியாசம் விரலுக்குத் தெரிவதே கடினம். ரேடியேட்டரும் அதே வெதுவெதுப்பில் இருக்கும். பம்ப் நின்றிருந்தால் பிராசசர் பக்கம் கொதிக்கும், ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும்.

தேவகோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் மெஷினைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே வேறு இடத்தில் பிராசசர் மாற்றிப் பணம் கொடுத்திருந்தார், புதுப் பிராசசரும் 97 டிகிரி. குழாயைப் பிடித்தேன். பிராசசர் மேல் உட்காரும் கூலரின் தலைப்பக்கம் அப்போது ஆற்றிய காபி டம்ளர் மாதிரி சுட்டது. ஒரு சாண் தள்ளி அதே குழாய் ஆத்தங்குடிக் கல் தரை மாதிரி குளிர்ந்து கிடந்தது. பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா வயர், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் பக்கம் பாதி வெளியே வந்திருந்தது. தூசி தட்டும்போது யாரோ இழுத்திருக்கிறார்கள். அழுத்தினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது. திரையில் 97 என்ற எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி 50-களுக்கு வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பழைய பிராசசரை வைத்திருக்கிறீர்களா என்று நான்தான் கேட்டேன். வைத்திருந்தார்.

அதனால் பம்பின் வயரை முதலில் பாருங்கள். சில கூலரில் பம்ப் சாட்டா வயரில் ஓடும், சிலவற்றில் மதர்போர்டின் பம்ப் முனையில் செருகியிருக்கும். மதர்போர்டில் செருகியிருந்தால் பயாஸில் அந்த முனையை எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள். ஃபேனைப் போல வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்க விடக் கூடாது. வேகம் பூஜ்யம் என்று காட்டினால் வயர் விட்டிருக்கிறது அல்லது பம்ப் இறந்திருக்கிறது. ஆனால் வேகம் 2500 என்று காட்டுவதால் மட்டும் தண்ணீர் ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். சக்கரம் சுற்றும், தண்ணீர் நகராது. தட்டுக்குள் அடைப்பு இருந்தால் அப்படித்தான் ஆகும். அதற்காகத்தான் விரல் சோதனை.

தானாக அணைந்தது பற்றி: 100 டிகிரி தொட்டால் பிராசசர் வேகம் குறையும், அணையாது. அணைய வேண்டுமென்றால் அதைவிட மிகவும் மேலே போயிருக்க வேண்டும், பம்ப் ஒரேயடியாக நின்றால் அது நடக்கும். இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், வோல்டேஜ் பக்கம் பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் பதிவைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டு வேலை பாருங்கள். அடுத்த தடவை அணைந்தால் கடைசி வரியில் என்ன வெப்பநிலை என்று தெரிந்துவிடும். அது 75 என்றால் கூலரை விட்டுவிட்டு மின்சாரத்தைத் தேடுங்கள்.

தலைக்குள்ளிருந்து களகளவென்று நீர் உருளும் சத்தம் கேட்கிறதா? மூடிய கூலர் ஆனாலும் ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும், அந்த இடத்தில் காற்று சேரும். காற்று எப்போதும் மேலே போய் நிற்கும். அதனால் பம்ப் உள்ள தலை, மொத்தச் சுற்றிலும் உயரமான இடமாக இருக்கவே கூடாது. ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்தட்டில் பொருத்துவது நல்லது. முன்பக்கம் வைத்தால் ரேடியேட்டரின் மேல் முனை தலையைவிட உயரத்தில் நிற்க வேண்டும். கீழே வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

தூசிக்கு வருகிறேன். நம் பக்கத்துச் செம்மண் தூசியை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைவிட மோசமானது பஞ்சு. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் ஒரு வீட்டில் டிசைன் போட வைத்திருந்த கம்ப்யூட்டரைத் திறந்தபோது ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படலம், முழுசாக ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அது தெரியாது. ஆகவே ஃபேனைக் கழற்றாமல் சுத்தம் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது சுத்தம் செய்த கணக்கில் சேராது. ஃபேன் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து புளோயர் காட்டுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைக் கடினமான பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், மடங்கிவிடும்.

இனி உங்கள் அறை. கம்ப்யூட்டரைச் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தேக்கு அலமாரி, தூசி படாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் ரேடியேட்டர் வெளியே விடும் சூட்டுக் காற்று அந்த அலமாரிக்குள்ளேயே சுற்றி மறுபடி ரேடியேட்டருக்கே போகிறது. அறை 36 என்றால் அலமாரிக்குள் 45 கூட இருக்கலாம், அந்த 9 டிகிரியும் அப்படியே பிராசசரில் ஏறும். ரேடியேட்டரால் தண்ணீரைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர வைக்கவே முடியாது.

நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், கதவுக்கு நேர் கதவு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். சூடான காற்று முற்றத்து வழியே மேலே ஏறி வெளியேறும். கேபினட்டையும் அப்படித்தான் நினைக்க வேண்டும்: முன்னால் குளிர்காற்று நுழைய வழி, பின்னாலும் மேலேயும் சூடு போக வழி, நடுவில் மறிக்க ஒன்றும் இல்லை. அதே வீட்டில் மாடியில் பிற்பாடு தளம் போட்டுக் கட்டிய அறை இருந்தால், சித்திரை வெயிலில் அந்தத் தளம் ராத்திரி பத்து மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். முடிந்தால் மெஷினைக் கீழே வளவை (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) ஒட்டிய அறைக்கு இறக்குங்கள். சுண்ணாம்புப் பூச்சுள்ள தடித்த சுவரும் கல் தரையும் உள்ள அறைக்கும் மாடிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் தெர்மாமீட்டரே சொல்லும். முற்றத்துத் தாழ்வாரத்தில் மட்டும் வைக்க வேண்டாம், சாரலும் தூசியும் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெப்பநிலை தாவுகிறது, குழாய்கள் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கின்றன என்றால் பேஸ்ட். மூன்று வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கி வறண்டுபோகும். கழற்றும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். தலையை நேராக இழுக்காமல் லேசாக இடமும் வலமும் திருப்பி எடுங்கள். எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள், முதலில் தட்டில் பேஸ்ட் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஓரம் கனமாகவும் எதிர் ஓரம் மெல்லியதாகவும் இருந்தால் ஸ்க்ரூ சமமாக இறுகவில்லை. உங்கள் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு: அதன் பூட்டு பிராசசரை நடுவில் அழுத்திப் பிடிப்பதால் மேல்தகடு லேசாக வளையும், தட்டு முழுதாக ஒட்டாது. அதற்கென்றே மாற்றுப் பூட்டுச் சட்டகம் விற்கிறார்கள், வாங்குவது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கை பழகியவர் பொருத்த வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்து, நீளவாக்கில் ஒரு கோடாகப் புதுப் பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கு மாற்றிக் குறுக்கு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். புதிதாகப் பொருத்துபவர்கள் தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதுண்டு. உங்களுடையது இவ்வளவு நாள் நன்றாக ஓடியதால் அது காரணமாக இருக்காது.

ஒரு குழாய் சுடுகிறது, இன்னொன்று ஆறிக் கிடக்கிறது, வயரும் சரி என்றால் பம்ப் போயிருக்கிறது அல்லது தட்டுக்குள் அடைப்பு. தட்டின் உட்பக்கம் மயிரிழை அகலத்தில் செப்பு வரிகள் இருக்கும், அதில் கசடு படிந்தால் தண்ணீர் புகாது. இந்த இடத்தில் தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள்: கூலரைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பெரும்பாலான மூடிய கூலர்களில் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகம் ஒரே தண்ணீரைத் தொட்டால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் கம்பெனி நீரில் அரிமானத் தடுப்பு மருந்து கலந்து அடைத்திருக்கிறது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதில் உப்புகள் உண்டு, உள்ளே போனால் அரிப்பு வேகமாகும். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆராயும் துறைகளில் இந்த உலோக அரிமானமும் ஒன்று. காரைக்குடி பக்கத்துப் பிள்ளைகள் இதை மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள். கூலருக்குப் பல கம்பெனிகள் ஐந்து வருடம் வரை வாரண்டி தருகின்றன. பில்லைத் தேடி எடுங்கள், திறந்துவிட்டால் அதுவும் போய்விடும்.

பயாஸ் அப்டேட்டையும் மறக்காதீர்கள். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் பழுதாகும் பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் அதற்கான திருத்தங்களைக் கொடுத்தது, உங்கள் மதர்போர்டின் புதிய பயாஸில் அது வரும். ஏற்கெனவே பட்ட சேதத்தை அது ஆற்றாது, ஆனால் இனி படாமல் காக்கும். பெட்டியோடு தனியாக விற்ற அந்தப் பிராசசர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டி ஐந்து ஆக்கியிருக்கிறது. ஒருவேளை பிராசசரே பழுது என்று முடிந்தாலும் கைக்காசு போட்டு வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

கூலரே போய்விட்டது, வாரண்டியும் இல்லை என்றால் மறுபடி லிக்விட் கூலர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வேலைக்கு நான் இரண்டு தகட்டு அடுக்குள்ள இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றைத்தான் சொல்வேன். அதில் பம்ப் இல்லை, கசிய ஒன்றும் இல்லை, கெட்டால் ஃபேன் மட்டும் மாற்றினால் போதும். பிஎல்2-வை 180 வாட் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம்தான் கூடும், சூடு நிறையக் குறையும். முகூர்த்த நேரத்தில் மெஷின் நிற்காமல் ஓடுவதுதான் முக்கியம்.

என் கணிப்பில் முதல் சந்தேகம் பம்ப், இரண்டாவது பேஸ்ட், அலமாரி இரண்டையும் மோசமாக்கியிருக்கிறது. இன்று ராத்திரியே அலமாரியிலிருந்து மெஷினை வெளியே எடுத்து, பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 125-ல் வைத்துவிட்டு, எனக்கு ஐந்து எண்களை அனுப்புங்கள்: அறையின் வெப்பநிலை, சும்மா இருக்கும்போது பிராசசர், சினிபெஞ்ச் தொடங்கிய பத்தாவது விநாடியில், பதினைந்தாவது நிமிடத்தில், அப்புறம் பம்பின் வேகம். கூடவே இரண்டு குழாயும் கைக்கு எப்படி இருந்தன என்று ஒரு வரி எழுதுங்கள்.